லீலாதேவி டீச்சரின் இன்றைய சொல்

லீலாதேவி டீச்சர் செத்துப்போன அன்று பண்டாரவளையில் நல்ல பனி. வழமைபோல எழும்பி, முகம் கழுவி, கேத்தலை அடுப்பில் வைத்து, இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்டீ குடித்தாள். செத்துப்போன செய்தி அவளுக்கே கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அதற்கு வாட்ஸ்அப்பைக் குறை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் அன்றைக்குப் பொறுக்கிய சொல்லை.

அவள் பிறந்தது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். ஆங்கில ஆசிரியையாக முதல் நியமனம் கிடைத்தது பதுளை மாவட்டத்து மலைப்பக்கம் ஹல்துமுல்லையில், பெருந்தெருவோரத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில். இரண்டு வருஷத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவதாகத்தான் வந்தாள். வந்த இடத்தில் பதுளைக் கச்சேரியில், அந்த மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த கனகசுந்தரத்தைக் கலியாணம் கட்டினாள். அவரும் யாழ்ப்பாணத்தார்தான். இருவருமாகப் பண்டாரவளையில் ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். அப்புறம் சண்டை வந்து பாதையை மூடியது. சண்டை முடிந்து பாதை திறந்தபோது போக வேண்டும் என்ற எண்ணம் மூடிப்போயிருந்தது. பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே பிள்ளைகள் என்று ஊரார் ஆறுதலுக்குச் சொன்னதை லீலாதேவி நிசமென்றே எடுத்துக்கொண்டாள். ஆறுதலுக்குச் சொல்வதை அப்படியே நம்பினால் பின்னால் வில்லங்கம்தான்.

கனகசுந்தரம் போனது கொரோனா ஊரடங்குக் காலத்தில், மாரடைப்பில். வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்று ஆட்களைக் கணக்குப் பார்த்து உள்ளே விட்டார். அவர் தடுத்து நிறுத்துகிற அளவுக்குக் கூட்டம் ஒன்றும் வரவில்லை என்பது வேறு விஷயம். வருத்தமும் பயமும் நிறைந்த காலம், யாரைக் குறை சொல்வது என்று லீலாதேவி மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் தங்கை சிவரூபி விடுகிற ஆள் இல்லை. கொக்குவிலில் இருந்து போன் எடுக்கும்போதெல்லாம் அதே இடத்தில் குத்துவாள்.

"அக்கா, அத்தானின்ர செத்தவீட்டுக்கே ஆக்கள் வரேல்ல. நாளைக்கு நீ கண்ணை மூடினா உன்னை ஆர் தூக்கிறது? வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வா."

"அது ஊரடங்கடி. இல்லையெண்டா ஊரே வந்திருக்கும். எனக்கு இஞ்ச பிள்ளையள் இருக்கினம்."

"எந்தப் பிள்ளையள்? போனுக்குள்ள இருக்கிற பிள்ளையளே?"

லீலாதேவி பேச்சை மாற்றுவாள். பொங்கலுக்குள் முடிவு சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். போவதா, இருப்பதா என்பது அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது: நான் செத்தால் இந்த ஊரில் யார் வருவார்கள்? அதைச் செத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

போனுக்குள் இருந்த பிள்ளைகள் பழைய மாணவர் குழுவினர். அதை ஆரம்பித்தவள் ஷம்ரா. பண்டாரவளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மனைவி. ஓட்டோவில் ஏறினால் டீச்சர் வீட்டுக்கு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்கூட ஆகாது. கனகசுந்தரம் போன பிறகு காலைகளை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் லீலாதேவி அந்தக் குழுவில் ஒரு வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். நாளுக்கு ஒரு ஆங்கிலச் சொல். லேசில் காதில் விழாத சொல்லாகப் பார்த்து எடுத்து, அதன் பொருள், அதை எங்கே எப்படிப் போடுவது, அது எங்கிருந்து நடந்து வந்தது என்று எழுதி, 'இன்றைய சொல்' என்று தலைப்பிட்டு அனுப்புவாள். தொடக்கத்தில் 'நன்றி டீச்சர்' என்று நாலைந்து பேர் போட்டார்கள். பிறகு கட்டைவிரல் படம் போட்டார்கள். பிறகு அதுவும் நின்றது. கிணற்றில் போட்ட கல்தான். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டும் நேரத்துக்காவது வீட்டில் சத்தம் இருக்கிறதே.

அன்றைக்குக் கனகசுந்தரத்தின் திவசம். அதற்கென்று ஒரு சொல்லை அவள் வெகுநாளாக எடுத்து வைத்திருந்தாள். ரெலிக்ட்.

கலியாணம் கட்டிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலைமேல் நடக்கப் போனார்கள். வெள்ளைக்காரத் தொரைமார் காலத்துத் தேவாலயம் ஒன்று, பக்கத்தில் புல் மண்டிய கல்லறைகள். ஒரு கல்லில் பாசியைச் சுரண்டிக் கனகசுந்தரம் வாசித்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரி, இன்னாருடைய ரெலிக்ட் என்று இருந்தது. "இதென்ன டீச்சரம்மா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. ஆங்கில ஆசிரியைக்குத் தெரியவில்லை என்று இறங்கி வரும் வழியெல்லாம் சிரித்தார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தாள். கைம்பெண் என்று போட்டிருந்தது. "அப்ப நான் முந்திப் போனா உனக்கும் ஒரு பட்டம் கிடைக்கும்" என்றார். வாயைக் கழுவச் சொல்லி ஏசினாள்.

அதையெல்லாம் குழுவில் எழுத முடியுமா? எழுதவில்லை. சொல்லைப் பற்றி மட்டும் எழுதினாள். 'பின்னால் விட்டுப் போவது' என்ற பொருளுடைய ஒரு லத்தீன் வினையில் பிறந்த சொல். கண்டியில் இருக்கும் புத்தரின் புனித தந்தத்தை ஆங்கிலத்தில் ரெலிக் என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றைக் கும்பிடுகிறார்கள், மற்றதை மறந்துவிடுகிறார்கள். கணவன் விட்டுப்போன பெண்ணுக்கு இதைச் சொன்னார்கள். இன்றைக்கு இங்கிலாந்திலேயே வாயைத் திறந்து சொல்பவர் இல்லை. பழைய கல்லறைகளிலும் பழைய காணி உறுதிகளிலும் படுத்துக் கிடக்கிறது. செடிகொடி ஆராய்பவர்கள் மட்டும் இன்னும் எடுத்து ஆள்கிறார்கள்: சுற்றிலும் தன் இனம் எல்லாம் அழிந்துபோக, ஏதோ ஒரு மலைமூலையில் தப்பிப் பிழைத்து நிற்கும் செடிக்கு அது பெயர்.

உதாரண வாக்கியம் இல்லாமல் அவள் எந்தச் சொல்லையும் அனுப்பியதில்லை. கை தானாகவே எழுதியது: 'லீலாதேவி, ரெலிக்ட் ஒஃப் த லேட் கனகசுந்தரம்.' அதை எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில் போட்டாள். திவசம் ஆயிற்றே என்று ஒரு படமும் சேர்த்தாள். பண்டாரவளை ஸ்டேஷனில் இருவரும் நிற்கும் படம். அதில் அவர் பாதி நிழலில். இவள் முகம்தான் எடுப்பாக விழுந்திருந்தது. அனுப்பிவிட்டுப் போனை மேசையில் வைத்து, அவருடைய படத்துக்கு விளக்கேற்றப் போனாள்.

விளக்கேற்றித் திரும்புவதற்குள் போன் கிணுகிணுக்கத் தொடங்கிவிட்டது.

முதலாவது ஆள் ரஜீவ். கட்டாரில் வேலை. கடைசி வாங்குப் பலகையில் இருந்து ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்த பையன். வளர்ந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு படம், ஒரு பெயர், ஒரு 'லேட்'. வீட்டார் யாரோ டீச்சரின் போனில் இருந்து அறிவித்ததாக எடுத்துக்கொண்டான்; அதற்குக் கீழே வாசிக்க அவனுக்கு நேரமில்லை. 'எங்கள் அன்பு டீச்சரின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கல்' என்று போட்டுவிட்டான்.

லீலாதேவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. 'பிள்ளை, நான் இருக்கிறன்' என்று எழுதக் கையைக் கொண்டுபோனாள். அதற்குள் அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. முன்னே போகும் ஆடு பள்ளத்தில் விழுந்தால் பின்னே வருவதெல்லாம் விழும். எல்லாரும் ரஜீவுடைய வரியை அப்படியே எடுத்து ஒட்டினார்கள், 'அனுதாபங்கல்' உட்பட. கும்பிடும் கைகள் வந்தன. அழும் முகங்கள் வந்தன. மாதக்கணக்காக வாய் திறக்காத ஆட்களெல்லாம் வந்தார்கள். இத்தனை பேர் இந்தக் குழுவில் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுதப் போன விரல் நின்றது.

இப்போதே சொல்லிவிட்டால் மூன்று பேர் சிரிக்கும் படம் போடுவார்கள். நாளைக்குப் பழையபடி கிணறும் கல்லும். சொல்லாமல் விட்டால்? செத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் இப்போது கையில் வந்து கிடக்கிறதே. பிழை என்று தெரிந்தது. அறுபதைத் தாண்டிய பொம்பிளை பார்க்கிற வேலையா இது என்று தன்னையே கேட்டாள். கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். போய்க் குளித்து, நல்ல பருத்திச் சேலை ஒன்று உடுத்தி, முற்றத்தைக் கூட்டினாள். முன்னறையில் கதிரைகளைச் சுவரோடு வரிசையாக இழுத்துப் போட்டாள். பெரிய கேத்தலில் தண்ணீர் வைத்தாள். தன் செத்தவீட்டுக்குத் தானே ஆயத்தம் செய்த ஆள் ஊவா மாகாணத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கேட் திறக்கும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். முதலில் ஷம்ரா வருவாள் என்று கணக்குப் போட்டாள். வந்தால் எப்படிச் சமாளிப்பது என்றும் யோசித்து வைத்தாள்: ஏசுவாள், பிறகு கட்டிப்பிடிப்பாள், பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து டீ குடிக்கலாம். தெருவில் ஓட்டோ ஒன்று வேகம் குறைத்தது. எழும்பினாள். அது மேல்வீட்டுக்குப் போயிற்று. மரக்கறிக்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். பனி விலகி வெயில் வந்தது. வேலை நாள், கடை நாள், வருவார்கள் என்று இருந்தாள். கேத்தல் கொதித்து ஆறியது, மறுபடி வைத்தாள்.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒரு குருவிகூட வரவில்லை. போனை நிமிர்த்திப் பார்த்தாள்.

குழுவில் சம்பாஷணை வெகுதூரம் போயிருந்தது. 'எடுக்கிறது எத்தனை மணிக்கு?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'தெரிந்தவர்கள் அறிவிக்கவும்' என்று இன்னொருவர். தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லாரும் தெரிந்தவருக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் ஷம்ராவே முடிவு கட்டியிருந்தாள். அவளுடைய செய்தி குரலாக வந்திருந்தது. லீலாதேவி அதை அழுத்தினாள்.

"எல்லாருக்கும் ஸலாம். டீச்சர் யாழ்ப்பாணம்தானே. பொடிய ஊருக்குத்தான் கொண்டு போவாங்க, இங்க ஒண்டும் வைக்கமாட்டாங்க. அதனால யாரும் அலைய வாணாம். எல்லாரும் இருந்த எடத்தில இருந்தே துஆ செய்ங்க. டீச்சர்ட நம்பர வேற யாரும் எடுத்துப் பாவிச்சிருவாங்க, அதனால குரூப்புல இருந்து எடுத்துர்றேன்."

குரல் கம்மியிருந்தது. பாவம், அழுதுதான் இருக்கிறாள். அதற்குக் கீழே, ஷம்ரா உங்களை நீக்கிவிட்டார் என்று ஒரு சாம்பல் வரி. அதற்குப் பிறகு எழுத இடமே இல்லை.

லீலாதேவி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீக்கியது அவ்வளவாகச் சுடவில்லை. செத்தவர் நம்பரை எடுக்கத்தான் வேண்டும். சுட்டது அந்த 'டீச்சர் யாழ்ப்பாணம்தானே'. லீலாதேவி இந்த ஊருக்கு வந்தபோது ஷம்ராவின் உம்மாவுக்கே கலியாணம் ஆகியிருக்கவில்லை. இந்தக் குளிரில்தான் அவள் தலை நரைத்தது. கனகசுந்தரத்தை எரித்தது இந்த ஊர்ச் சுடலையில். இருந்தும் செத்தால் அவள் யாழ்ப்பாணம். கொக்குவிலுக்குப் போனாலோ 'பதுளை அக்கா வந்திருக்கிறா' என்பார்கள். ஒருவரும் வராததற்கு ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் பெரிய துக்கம். ஏசுவதற்குக்கூட ஆள் அகப்படவில்லை. வாசலைப் பார்த்தாள். காலையில் கூட்டிய ஈர்க்குமாற்றுக் கோடு முற்றத்தில் அப்படியே கிடந்தது.

அவள் அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். செத்தவீட்டில் அழ ஒரு ஆளாவது வேண்டாமா?

சிவரூபிக்குப் போன் எடுத்து வருவதாகச் சொல்லிவிடலாம் என்று முகத்தைத் துடைத்தபோது கேட் கிறீச்சிட்டது.

முற்றத்தில் ஒரு பெண் நின்றாள். ஐம்பதுக்குக் கிட்ட வயது, நெற்றியில் பொட்டில்லை, தேயிலைக் கறை ஏறிய விரல்கள். கையில் ஒரு பை. தெருவையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். செத்தவீட்டு வெள்ளைக்கொடியைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. வாசலில் லீலாதேவியைக் கண்டதும் பை கையில் இருந்து விழுந்தது.

"ஐயோ சாமி! டீச்சர்! உசுரோடவா இருக்கீங்க?"

"இருக்கிறன் பிள்ளை. பிழையா விளங்கீட்டினம். நீர்…" முகம் தெரிந்தது, பெயர் வர ஒரு கணம் எடுத்தது. "இராக்கம்மா எல்லே?"

இராக்கம்மாதான். ஹல்துமுல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்து, பாதியில் நின்று, கொழுந்து பறிக்கப் போன பிள்ளை. அவள் படியில் அப்படியே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக மார்பில் அடித்துக்கொண்டாள்.

"மகதான் போன்ல பாத்துட்டு மலைக்கே ஓடியாந்து சொன்னா. பகல் கொழுந்த எட போட்டுக் குடுத்துட்டு அரைப்பேரு, அரைநாள் சம்பளத்தோட வந்துட்டேன் டீச்சர். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போறாங்கன்னாங்களா, வண்டி கெளம்புறதுக்குள்ள மொகத்தையாவது பாத்துருவோம்னு வந்தேன்."

விழுந்த பையை எடுத்து நீட்டினாள். உள்ளே சீனிப் பார்சல் ஒன்று, தேயிலைத்தூள் பார்சல் ஒன்று. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. உயிரோடு இருக்கும் ஆளிடம் அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்து கை பாதியில் நின்றது. லீலாதேவி வாங்கிக்கொண்டாள்.

உள்ளே கூட்டிப்போனாள். சுவரோடு வரிசையாகக் கிடந்த கதிரைகளை இராக்கம்மா பார்த்தாள். ஒன்றிலும் உட்காரவில்லை; கீழேதான் உட்கார்ந்தாள்.

"வேற யாரும் வரலீங்களா டீச்சர்?"

எல்லாரும் வந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்ல லீலாதேவிக்கு நாக்கு நுனிவரை வந்தது. "இல்லைப் பிள்ளை" என்றாள்.

"எல்லாம் வேலைக்காரப் புள்ளைங்க. எங்கிட்டு வாறது?" என்று இராக்கம்மா அவர்களுக்காகப் பேசினாள். "மககிட்டச் சொல்லி நீங்க நல்லா இருக்கீங்கன்னு போடச் சொல்றேன்."

"போடலாம். முதல்ல தேத்தண்ணியைக் குடியும்."

இராக்கம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூட்டை ஊதி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு போன வருஷம் போயிட்டாருல்ல. அப்ப நீங்க குரூப்புல அனுதாபம் போட்டிருந்தீங்கன்னு மக வாசிச்சுக் காட்டுனா. எனக்கு அம்புட்டு ஆறுதலா இருந்துச்சு டீச்சர். படிப்ப நிப்பாட்டுனப்ப லயத்து வீட்டுக்கே வந்து, எங்கப்பாகிட்ட சண்ட போட்டு என்னையக் கூப்புட்டீங்களே, அந்த டீச்சருதான்னு எல்லாருகிட்டயும் சொன்னேன்."

லீலாதேவிக்கு நினைவு வந்தது. அதே பள்ளிக்கூடத்தில் படித்த இராக்கம்மாவின் மகள் குழுவில் துக்கச் செய்தி போட்ட அந்தக் காலையில் அவள் ஏதோ ஒரு சொல்லின் வேரைத் தேடிக்கொண்டிருந்தாள். எப்படி எழுதுவது என்று யோசிக்கச் சோம்பலாக இருந்தது. மேலே யாரோ போட்டிருந்த அனுதாப வரியைத் தொட்டு எடுத்து, கீழே ஒட்டிவிட்டு அகராதிக்குத் திரும்பினாள். ஹல்துமுல்லை பஸ்ஸில் ஏறினால் பகலுக்குள் போய்விடக்கூடிய தூரம். போகலாம் என்று ஒரு கணம் நினைத்தாளா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. தான் செத்தால் யார் வருவார்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு விடை எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் வருகிற வெட்கம் லேசில் இறங்காது.

"அவரின்ர பேர் என்ன பிள்ளை?"

இராக்கம்மா விழித்தாள். கட்டினவன் பெயரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று தோட்டத்தில் இவள் வயதுப் பெண்கள் சொல்லமாட்டார்கள். குறைய இனி ஆயுசு இல்லாவிட்டாலும் அவளுக்கு நாக்கு எழவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, "சின்னராசா" என்றாள்.

"சின்னராசா" என்று லீலாதேவியும் ஒருமுறை சொன்னாள். "அவரின்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்ல."

"ஆமாங்க டீச்சர்" என்றாள் இராக்கம்மா. குறை சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல்தான். "அன்னைக்கு முழுக்க ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்."